வாசகர் கேள்வி – பதில்: கறுப்பு ஏன் சாம்பலாகிறது?

கேள்வி: 1990களில் அமெரிக்காவிலிருந்து வந்த என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி சமிக்ஞை முறை) விஎச்எஸ் கேசட்டுகளை மல்டி சிஸ்டம் விசிஆரில் ஓட்டி, கேப்சர் கார்டு வழியாகக் கணினியில் ஏற்றுகிறேன். இங்கே எடுத்த பிஏஎல் கேசட்டில் கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது. அமெரிக்கக் கேசட்டில் மட்டும் படம் முழுக்கப் பனி மூடியதுபோல் தெரிகிறது. நாடா கெட்டுவிட்டதா? (வாசகர், சென்னை)

பதில்: நாடா கெட்டிருந்தால் கோடுகளும் புள்ளிகளும் வந்திருக்கும். இங்கே வேறுபடுவது கறுப்புக்கு வைத்திருக்கும் மின்னழுத்தம். இந்தியாவின் பிஏஎல் முறையில் கறுப்பும் பிளாங்க்கிங்கும் (கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே படம் இல்லாத நேரத்தின் மட்டம்) ஒன்றே: 0 மில்லிவோல்ட். வெள்ளை 700, சிங்க் துடிப்பு (ஒவ்வொரு கோடும் தொடங்குவதைக் காட்டும் துடிப்பு) கீழே 300. அமெரிக்க என்டிஎஸ்சியில் சிங்க் 286, வெள்ளை 714. ஆனால் கறுப்பு பூஜ்யத்தில் உட்காருவதில்லை. பிளாங்க்கிங்குக்கு மேலே 7.5 ஐஆர்இ (பிளாங்க்கிங்கை 0, வெள்ளையை 100 என்று வைக்கும் அளவு), அதாவது சுமார் 54 மில்லிவோல்டில் நிற்கிறது. இதைத்தான் செட்டப் அல்லது பெடஸ்டல் என்கிறார்கள். பிக்சர் டியூப் காலத்தில், எலக்ட்ரான் கற்றை திரும்பி ஓடும் கோடு திரையில் தெரியாதிருக்க, கறுப்புக்கும் கீழே ஓர் இடைவெளி தேவைப்பட்டது.

உங்கள் விசிஆர் அந்தக் கேசட்டைப் பெரும்பாலும் பிஏஎல் 60 ஆக, அதாவது என்டிஎஸ்சி படத்தைப் பிஏஎல் நிறக் குறியீட்டோடு, வெளியே தருகிறது. மாறுவது நிறத்தின் குறியீடு மட்டுமே. நாடாவில் உள்ள 54 மில்லிவோல்ட் அப்படியே வருகிறது. கார்டு அதை பிஏஎல் என்று நம்பி, 0 மில்லிவோல்டையே கறுப்பு என்று எடுக்கிறது. டிஜிட்டலில், 0 முதல் 255 வரையிலான அளவில், கறுப்பு 16, வெள்ளை 235. அந்த 219 படிகளில் 7.5 சதவீதம் 16 படிகள். ஆகவே கறுப்பு 16க்குப் பதில் 32ல் விழுகிறது. நீங்கள் காணும் பனி இதுதான்.

விசிஆரின் பின்புறத்திலோ மெனுவிலோ என்டிஎஸ்சி 3.58 வெளியீட்டுத் தேர்வு இருந்தால் அதை வையுங்கள். கார்டின் டிரைவரில் என்டிஎஸ்சி எம் என்பதைத் தேர்ந்தெடுங்கள்; பக்கத்திலேயே எம் ஜே என்று ஒன்று இருந்தால் அது ஜப்பானுக்கானது. எதை மாற்றினாலும் படம் மாறாத கார்டுகளும் உண்டு. அப்போது கார்டின் புரோக் ஆம்ப் (பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் மாற்றும்) பட்டியலில் பிரைட்னஸைக் குறைத்துக் கறுப்பை 16க்குக் கொண்டுவாருங்கள். அதோடு நிறுத்தினால் வெள்ளையும் 219க்கு இறங்கிப் படம் மங்கும். கான்ட்ராஸ்டை ஏறத்தாழ 8 சதவீதம் ஏற்ற வேண்டும்.

ஏற்கெனவே பதிவு செய்துவிட்டீர்கள் என்றால் கவலை வேண்டாம். அவிசிந்த் என்ற வீடியோ திருத்தும் மென்பொருளின் லெவல்ஸ் கட்டளையில் உள்ளீட்டை 32, 235 என்றும் வெளியீட்டை 16, 235 என்றும் கொடுங்கள். கோரிங் என்பதை ஃபால்ஸ் ஆக்க மறக்காதீர்கள். மறந்தால் கட்டளை எண்களை 0–255 அளவுக்கு விரித்துவிட்டுக் கணக்குப் போடும், கறுப்பு வேறெங்கோ போய் நிற்கும்.

கேள்வி: ஒரு கேசட்டில் செட்டப் இருக்கிறதா இல்லையா என்று அலைக்காட்டி (ஆசிலோஸ்கோப்) இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், டொரன்டோ)

பதில்: பிரேமின் அகலம் 720 பிக்சல். அதில் இடது, வலது ஓரங்களில் சில பிக்சல்கள் பிளாங்க்கிங், படமல்ல. காட்சி முழுக் கறுப்பாக மறையும் இடத்தில் நிறுத்தி, அந்த ஓரத்தையும் நடுப்பகுதியையும் ஒப்பிடுங்கள். ஓரம் 16, நடு 32 என்று வந்தால் செட்டப் இருக்கிறது, கார்டு அதைக் கழிக்கவில்லை. இரண்டும் ஒன்றானால் செட்டப் இல்லை. சில சிப்புகள் ஓரத்தைத் தாமே கறுப்பால் நிரப்பிவிடும் என்பதால் இரண்டு மூன்று இடங்களில் பாருங்கள். வீட்டுக் கேமராக்கள் எல்லாமே செட்டப் விதியை மதித்தவை அல்ல. கேசட்டுக்குக் கேசட் சோதிப்பதே நல்லது.

கறுப்போடு வெள்ளையும் சேர்ந்து மங்கியிருந்தால் அது வேறு நோய். பிளேயர் 16–235 அளவை 0–255க்கு விரிக்காமல் திரையில் காட்டுகிறது. வெள்ளை சரியாக இருந்து கறுப்பு மட்டும் வெளுத்திருந்தால்தான் செட்டப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

முடிவு செய்ய இயலாவிட்டால் செட்டப் இல்லை என்ற அமைப்பிலேயே பதிவு செய்யுங்கள். தவறு நேர்ந்தாலும் படம் சாம்பலாகும், அவ்வளவே, பிறகு சரிசெய்யலாம். மாறாக, செட்டப் இல்லாத சமிக்ஞையிலிருந்து 7.5 ஐஆர்இயைக் கழித்தால் கறுப்பு 16க்கும் கீழே, பூஜ்யத்தையும் தாண்டிச் சரிந்து வெட்டுப்படும். இருளில் இருந்த தலைமுடியும் பட்டுப் புடவையின் மடிப்பும் போனது போனதுதான்.

கேள்வி: ஜப்பானில் வாங்கிய லேசர் டிஸ்க் என் அமெரிக்க டிவியில் இருண்டு தெரிவதேன்? (வாசகர், நியூ ஜெர்சி)

பதில்: ஜப்பானும் என்டிஎஸ்சிதான், 525 கோடுகள்தான், ஆனால் செட்டப் கிடையாது, கறுப்பு 0 ஐஆர்இ. அமெரிக்க டிவி 54 மில்லிவோல்டுக்குக் கீழே உள்ளதையெல்லாம் கறுப்பாக்கிவிடும். பிரைட்னஸைச் சற்று ஏற்றுங்கள், கான்ட்ராஸ்டைத் தொடாதீர்கள். அளவு வேண்டுமானால் கலர் பார் (வண்ணப் பட்டைகள் கொண்ட சோதனைப்) படத்தில் வலது கீழே உள்ள மூன்று பட்டைகளைப் பாருங்கள்: அமெரிக்க முறையில் 3.5, 7.5, 11.5 ஐஆர்இ. முதலிரண்டும் ஒன்றாகக் கலந்து, மூன்றாவது மட்டும் லேசாகத் தெரிந்தால் சரி. ஜப்பானிய டிஸ்க்குக்கு அதே சோதனையை ஜப்பானிய முறைப் பட்டைகளால் (–4, 0, +4) செய்ய வேண்டும்.

கேள்வி: டி இணைப்பு போட்டு ஒரே வீடியோவை டிவிக்கும் கார்டுக்கும் கொடுத்தேன். இரண்டிலும் படம் மங்குகிறது. இதுவும் செட்டப்தானா? (வாசகர், மதுரை)

பதில்: இல்லை. இரு கருவிகளுமே 75 ஓம் முடிப்பு (கம்பியின் முனையில் இருக்கும் மின்தடை) வைத்திருப்பதால் சேர்ந்து 37.5 ஓம் ஆகி, 1 வோல்ட் சமிக்ஞை சுமார் 0.67 வோல்டாகிறது. ஒன்றில் முடிப்பை அணைக்கும் சுவிட்ச் இருந்தால் அணையுங்கள். இல்லையேல் வீடியோ டிஸ்ட்ரிபியூஷன் ஆம்ப்ளிஃபயர் வாங்குங்கள். இரண்டிலும் அணைத்துவிட்டால் சமிக்ஞை 2 வோல்டாகி வெள்ளை வெடிக்கும்.