'குட்' என்று சொல்லி விற்கும் கந்தல் காமிக்ஸ்

கேள்வி: வெள்ளவத்தையில் ஒருவர் எழுபதுகளில் வந்த தமிழ் காமிக்ஸ் ஒன்றுக்கு 6,500 ரூபாய் கேட்கிறார். முதுகு முழுக்க செலோடேப், பின்களில் கறள், முன்மட்டையில் ஒரு மூலை இல்லை. ஆனால் 'குட் கண்டிஷன்' என்கிறார். வாங்கலாமா?

பதில்: அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். சேகரிப்பாளர்களின் தர அளவு 0.5இல் தொடங்கி 10 வரை போகிறது. அதில் 'குட்' வெறும் 2.0தான், அதாவது நன்றாக அடிபட்ட புத்தகம். 'வெரி குட்' 4.0, 'ஃபைன்' 6.0. கீழே 'ஃபெயர்' 1.0, 'புவர்' 0.5. ஆகவே சொல்லை விட்டு எண்ணைக் கேளுங்கள்.

மட்டையை ரசிப்பதற்கு முன் தாள்களை எண்ணுங்கள். நடுவில் பின் அடித்த 32 பக்க இதழ் என்றால் 8 தாள்கள் மடித்துச் செருகப்பட்டிருக்கும். ஒரே தாளின் ஒரே முகத்தில் வரும் இரண்டு பக்கங்களைக் கூட்டினால் 33 வரும்: 5உம் 28உம், 6உம் 27உம். 5-6 உள்ள பாதி கிழிந்து போயிருந்தால் 27-28 பிடிமானமின்றி ஆடும். எந்தப் பாதியாவது தளர்ந்திருந்தால் அதன் சோடி இருக்கிறதா என்று பாருங்கள். நடுத்தாள் பின்னிலிருந்து முழுதாகக் கழன்று விழும். அது போனால் எதுவும் ஆடாது, 14ஆம் பக்கத்துக்குப் பிறகு 19 வரும், அவ்வளவுதான். பக்க எண் அச்சிடாத இதழை வாசித்துத்தான் பார்க்க வேண்டும். கூப்பனோ புதிரோ வெட்டப்பட்டிருந்தால் தாளைத் திருப்புங்கள், மறுபக்கத்தில் கதைக் கட்டம் போயிருக்கும். கதைப் பக்கம் ஒன்று இல்லையென்றாலே 0.5தான், மட்டை எவ்வளவு பளபளத்தாலும்.

டேப் ஒட்டியதைப் பழுதுபார்த்ததாகக் கணக்கிட வேண்டாம், அதுவும் ஒரு குறைதான். பசை மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும். பிளாஸ்டிக் தானாக உரிந்த பிறகும் கறை நிற்கும். இழுத்து உரித்தால் மையும் சேர்ந்து வரும். மட்டையைத் திறந்து உட்பக்கத்தில் பாருங்கள்: முதுகு முழுதாகப் பிளந்து, டேப் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கிறதா?

கறள் கொழும்பின் ஈரக் காற்றில் சகஜம். பின்னைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம் மட்டும் என்றால் பொறுக்கலாம். அந்த இடத்தில் தாள் அரித்து ஓட்டை பெரிதாகியிருந்தால் அடுத்த வாசிப்பில் கழன்றுவிடும்.

தாளின் உயிரைப் பார்க்க மூலையை மடிக்க வேண்டாம், உடைந்துவிடும். வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்து மெதுவாகப் புரட்டுங்கள். பழுப்புத் துகள் உதிர்ந்தால் மலிவு ரகத் தாளில் உள்ள அமிலம் வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம். ஓரம் மட்டும் பழுத்து நடு வெளிறியிருந்தால் இன்னும் பல ஆண்டு தாங்கும். மட்டையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மடிப்பு வெடிப்புகளின் மேல் மார்க்கர் பூசியிருந்தால் மினுக்கம் வேறுபடும். சொல்லாமல் பூசியிருந்தால் நான் பேரமே பேச மாட்டேன்.

மறுபதிப்பா என்பதையும் மறக்க வேண்டாம். இதழ் எண், அச்சிட்ட விலை, பதிப்பு விவரம் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

தாள் எல்லாம் இருந்து, துகளும் உதிராவிட்டால், நீங்கள் சொல்வதை வைத்து 1.0 அல்லது 1.5 கொடுக்கலாம். உங்கள் வரிசையில் விடுபட்ட இதழ் என்றால் விலை பேசி வாங்குங்கள். பிறகு விற்று லாபம் பார்க்க என்றால் வேண்டாம்.

கேள்வி: வாங்கிய இதழில் பூஞ்சண வாடை. வெயிலில் காயவைக்கலாமா?

பதில்: கூடாது. மை வெளிறும், தாள் இன்னும் முறுகும். மற்றப் புத்தகங்களிலிருந்து பிரித்து, காற்றோட்டமான நிழலில் விரித்து வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, வெளியில் வைத்து, முகக்கவசத்துடன் மென்மையான தூரிகையால் தட்டுங்கள். ஈரம் போகுமுன் உறையில் போட்டு மூடினால் பூஞ்சணம் உள்ளேயே வளரும். உறை பொலிபுரொப்பிலீனாக இருக்கட்டும், பிவிசி வேண்டாம். பின்னால் அமிலமில்லாத அட்டை ஒன்று.