ஷெர்மன் திரும்பும் விதம்

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப் போர் கால அமெரிக்க ஷெர்மன் டாங்கியை ஆறில் ஒரு பங்கு அளவில் ரிமோட் மாடலாகச் செய்துகொண்டிருக்கிறேன். எடை 80 கிலோ ஆகிவிட்டது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கார் வைப்பர் மோட்டார். சிமெண்ட் தரையில் நேராக அருமையாகப் போகிறது. புல்லில் நின்ற இடத்திலேயே திருப்பினால் முனகிக்கொண்டு நின்றுவிடுகிறது, ஃப்யூஸும் போகிறது. பெரிய மோட்டார் போட்டால் சரியாகுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சரியாகலாம். ஆனால் கணக்குப் போடாமல் வாங்கினால் அடுத்தது கியர் பல் உடையும். அப்படி ஒரு செட் பித்தளைக் கியரை மொட்டையாக்கியவன் நான்.

நேராக ஓடுவது டாங்கிக்குச் சுலபமான வேலை. எடையில் பத்தில் ஒரு பங்கு இழுவை என்று வைத்தால் பக்கத்துக்கு 4 கிலோ போதும். நின்ற இடத்தில் சுழல்வது வேறு கதை. தரையில் படிந்த ட்ராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) முழுவதையும் பக்கவாட்டில் தேய்த்து நகர்த்த வேண்டும். ட்ராக் தரையில் படியும் நீளம் அசல் ஷெர்மனில் 147 அங்குலம், இரண்டு ட்ராக்குக்கும் இடையே 83 அங்குலம். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.77. அதை எடையாலும் உராய்வு எண்ணாலும் பெருக்கி, நான்கால் வகுக்க வேண்டும். உராய்வு 0.6 என்றால் பக்கத்துக்கு 21 கிலோ. உருள்வதற்கான 4 கிலோவையும் சேர்த்தால் 25. நேர் ஓட்டத்தைப் போல ஆறு மடங்கு! (ஜெர்மனியின் டைகர் டாங்கிக்கு அந்த 1.77 வெறும் 1.3தான். அவ்வளவு பெரிய வண்டி, ஆனால் திருப்புவதில் நம்மைவிடக் கொடுத்துவைத்தது.)

அசல் ஸ்ப்ராக்கெட்டில் (ட்ராக்கை இழுக்கும் பல்சக்கரம்) 13 பல், ட்ராக் கண்ணி ஒவ்வொன்றும் 6 அங்குலம். உங்கள் மாடலில் ஒரு சுற்றுக்கு 33 செ.மீ. நகரும். மணிக்கு 4 கி.மீ. நடை வேகம் என்றால் நிமிடத்துக்கு 200 சுற்று. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் மோட்டாருக்குக் கியரில் 15க்கு 1 குறைப்பு. 25 கிலோ இழுவைக்கு ஸ்ப்ராக்கெட் அச்சில் சுமார் 13 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும். வைப்பர் மோட்டாரிடம் இந்த வேகத்தையும் முறுக்கையும் சேர்த்துக் கேட்பது பாவம். பலர் 24 வோல்ட் சக்கர நாற்காலி மோட்டாருக்குப் போவது இதனால்தான்.

அப்புறம் ஒன்று. அசல் ஷெர்மன் நின்ற இடத்தில் சுழலவே சுழலாது. அதில் இருந்தது கன்ட்ரோல்டு டிஃபரன்ஷியல்: ஒரு பக்கம் பிரேக் பிடித்தால் அந்த ட்ராக் மெதுவாகும், மறுபக்கம் வேகமெடுக்கும், ஆனால் எதுவும் முழுதாக நிற்காது. அது திரும்ப 62 அடி வட்டம் வேண்டும். உங்கள் அளவில் பத்தடிக்குச் சற்று மேல். ரிமோட்டின் மிக்ஸிங்கில் (இரண்டு மோட்டாருக்கும் வேகத்தைப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு) உள்பக்க ட்ராக் நிற்காதபடி வைத்துவிடுங்கள். பெரிய வட்டத்தில் தேய்ப்பும் குறையும், வண்டியும் ஷெர்மன் மாதிரியே திரும்பும். ஃப்யூஸை மட்டும் பெரிதாக்காதீர்கள்.

மோட்டார் வாங்குமுன் ஒரு தொங்கு தராசை வண்டியின் நடுவில் மாட்டி, புல்லில் பக்கவாட்டாக இழுத்துப் பாருங்கள். நகரும்போது காட்டும் கிலோவை 80ஆல் வகுத்தால் வருவதுதான் உங்கள் புல்லின் உராய்வு எண். என் 0.6 சும்மா ஒரு உத்தேசம்.