60 யூனிட்டைத் தாண்டினால்

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: வீட்டில் நாலு பேர். எல்லா பல்பையும் எல்.ஈ.டி.க்கு மாற்றிவிட்டோம். மார்கழி வரை 58 யூனிட் வந்த கரண்ட் பில், தை மாதம் 97க்குப் போய்விட்டது. காசு இரண்டு மடங்குக்கும் மேலே. மீட்டர் பழுதா? சுடுதண்ணி ஷவர் ஒன்று போட்டோம், வேறு எதுவும் புதிதாக இல்லை.
- வாசகி, ஹட்டன்

பதில்: அக்கா, கடைசி வரியில் நீங்களே பதிலை எழுதிவிட்டீர்கள். உடனே சூடாக்கித் தரும் ஷவர் பெரும்பாலும் 3.5 கிலோவாட் அல்லது அதற்கும் மேல். ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஆளுக்கு 6 நிமிடம் என்றால் நாலு பேருக்கு 24 நிமிடம், அதாவது ஒரு நாளைக்கு 1.4 யூனிட், மாதத்துக்கு 42. உங்களுக்குக் கூடியது 39தான். மிச்ச மூன்றும் குளிருக்குப் பயந்து யாரோ குளிக்காமல் விட்ட நாட்களாக இருக்கும்!

பல்பு மாற்றியது வீண் இல்லை. 60 வாட் குண்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட், 9 வாட் எல்.ஈ.டி. என்றால் ஒன்றரை கூட வராது. ஆனால் வெளிச்சத்துக்குக் கொஞ்சம் கரண்ட் போதும், சூடாக்கத்தான் அள்ளிக் குடிக்கும். ஷவர், கேத்தல், அயர்ன் எல்லாம் அந்த இனம்.

காசு இவ்வளவு ஏறியதற்குக் காரணம் வேறு. இலங்கையில் வீட்டு மின் கட்டணம் படிப்படியாக ஏறுவது, அது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது, மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் 60க்கும் சேர்த்து வேறு விலை, நிலையான கட்டணமும் கூடுகிறது. அதனால் 65ஐ 59 ஆக்கினால் கைமேல் பலன். ஷவரைக் கழற்ற வேண்டாம், காய்ச்சல்காரருக்கும் பெரியவர்களுக்கும் இருக்கட்டும். மற்றவர்களுக்கு, விறகடுப்பு இருக்கிற வீடென்றால், இரண்டு வாய் உள்ள அநகி மண் அடுப்பில் முன் வாயில் சோறு வேகும்போதே பின் வாயில் ஒரு பானைத் தண்ணீரை ஏற்றிவிடுங்கள், தனியாக விறகு கேட்காது. பிறகு வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை மீட்டரைப் பார்த்துக் கலண்டரில் எழுதுங்கள். வாரம் 14ஐத் தாண்டாமல் இருந்தால் சரி.

கேள்வி: கனடாவில் இருக்கும் அக்கா, அங்கே வீட்டைத் திருத்த அரசாங்கமே காசு கொடுக்கும் என்கிறார். இங்கே அப்படி இல்லையா? கூரையில் சோலார் போடலாமா?
- வாசகர், நானுஓயா

பதில்: அக்கா சொன்னது பொய்யில்லை, கொஞ்சம் பழைய செய்தி. அங்கே 2021இல் தொடங்கிய திட்டத்தில் சுவர், கூரைக்குக் குளிர்காப்பு போட, ஜன்னல் மாற்ற 5,000 டொலர் வரை கொடுத்தார்கள், வேலைக்கு முன்னும் பின்னும் ஆள் வந்து வீட்டை அளந்து பார்ப்பார். 2024 தொடக்கத்தில் புதிய விண்ணப்பங்களை நிறுத்திவிட்டார்கள். பனி கொட்டும் நாட்டில் மாதக்கணக்கில் வீட்டைச் சூடாக்க வேண்டும், அதனால் அந்தச் செலவு அவர்களுக்குக் கட்டும்.

இங்கே கூரை சோலாரில், நீங்கள் பாவித்தது போக மிஞ்சும் யூனிட்டை மின் கம்பிக்கு அனுப்பி, அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளும் முறை இருக்கிறது. ஆனால் மாதம் 60 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு, அதுவும் பாதி நாள் மூடுபனியில் கிடக்கும் நானுஓயாவில், கடன் வாங்கிப் போடுவது என் பார்வையில் நட்டம். விருந்தினர் அறைகள் விடுகிறீர்கள், 200 யூனிட் போகிறது என்றால் கதை வேறு.

கேள்வி: லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் இருக்கிறோம். தகரக் கூரை, சீலிங் இல்லை. விடியற்காலையில் தகரம் வேர்த்துப் பிள்ளையின் மேல் சொட்டுகிறது. ராவுக்குக் காம்பராவில் கரிச்சட்டி வைக்கிறோம்.
- வாசகி, தலவாக்கலை

பதில்: தங்கச்சி, முதலில் அந்தக் கரிச்சட்டியை வெளியே எடுங்கள். மூடிய அறையில் கரி கனன்றால் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, புகையும் இல்லை. தூங்குகிறவர் எழும்பாமலே போய்விடுவார். பச்சைப் பிள்ளை இருக்கிற காம்பராவில் ஒரு இரவும் வேண்டாம்.

சொட்டுவது மழை இல்லை. உங்கள் மூச்சும் சமையல் ஆவியும் சில்லிட்ட தகரத்தில் பட்டுத் தண்ணீராகிறது. தகரத்துக்கு ஒரு முழம் கீழே கம்பி இழுத்து, துவைத்துக் காய்ந்த உரச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து, இறுக்கிக் கட்டுங்கள். இடையில் நிற்கும் காற்றே ஒரு போர்வை. லயம் தோட்டத்துச் சொத்து என்றாலும் ஆணி அடிக்காமல் கட்டும் சாக்குக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ரெஜிபோம் (தெர்மோகோல்) தகடு இன்னும் நல்லாக் குளிரைத் தடுக்கும், ஆனால் தீப்பிடித்தால் நிற்காது, அடுப்படிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கதவடியில் பழைய சேலையைச் சுருட்டி வையுங்கள். அடுப்படியில் புகை போகிற இடைவெளியை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்க வேண்டாம்.

கேள்வி: இரவில் பிரிஜ்ஜை நிறுத்தி வைத்தால் மிச்சமா?
- வாசகர், பண்டாரவளை

பதில்: பெரிதாக இல்லை, ஐயா. காலையில் அது மறுபடி ஓடிக் குளிராக்கத்தான் போகிறது, இடையில் பால் கெட்டால் அது வேறு நட்டம். அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தால் தள்ளி வையுங்கள். கதவிடுக்கில் ஒரு இருபது ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் சரியில்லை. மாற்றக் காசு கொடுக்கும் முன் சவர்க்காரத் தண்ணீரால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டு ரப்பர் நன்றாகத்தான் இருந்தது, ஒரு வருடத்து ஜாம்தான் ஒட்டிக் கிடந்தது.