ஐபோன், ஆண்ட்ராய்டு செயலிகளின் பில்டையும் (நிரலிலிருந்து செயலியைக் கட்டுவது) வெளியீட்டையும் அலுவலகத்திலேயே ஒரு மேக் மினி வைத்து நடத்த முடியுமா?

முடியும். ஐந்து பேர் கொண்ட எங்கள் குழு 2023 முதல் அப்படித்தான் நடத்துகிறது. மேக் மினி என்ற ஆப்பிளின் சிறிய மேசைக் கணினியை வாங்கி இணைக்க ஒரு மதியம் போதும். பக்கத்தில் ஆள் இல்லாதபோதும் அது தானாக வேலை செய்யும்படி ஆக்கத்தான் எங்களுக்கு நான்கு மாதம் பிடித்தது.

முதலில் பணக் கணக்கு. ஐபோன் செயலியைக் கட்ட ஆப்பிளின் எக்ஸ்கோடு என்ற மென்பொருள் வேண்டும். எக்ஸ்கோடு மேக்கில் மட்டுமே ஓடும். நாங்கள் கணக்குப் பார்த்த நாளில் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளம், பில்ட் ஓட்டத் தன் வாடகை இயந்திரங்களில் மாதம் 2000 நிமிடம் இலவசமாகத் தந்தது. ஆனால் மேக்கில் ஓடும் ஒரு நிமிடத்துக்குப் பத்து நிமிடம் கழியும். ஆக, கையில் நிற்பது 200 நிமிடம். எங்கள் பில்டுக்கு 20 நிமிடம் ஆனது. மாதத்துக்குப் பத்து பில்ட்! அதை நாங்கள் ஒரே செவ்வாய்க்கிழமையில் தீர்த்துவிடுவோம். உங்களுக்கு மாதம் பத்தே போதும் என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், வாடகை இயந்திரமே மேல்.

வாங்கும்போது பழைய மேக் மினி மலிவாகக் கிடைக்கிறதே என்று மயங்காதீர்கள். ஆப் ஸ்டோருக்கு அனுப்பும் செயலிகளை எக்ஸ்கோடு 16 கொண்டுதான் கட்ட வேண்டும் என்பது 2025 ஏப்ரலில் கட்டாயமானது. அதற்கு மேக்கின் இயங்குதளத்தில் சொனோமா பதிப்பாவது வேண்டும். சொனோமா 2018-க்கு முந்தைய மேக் மினியில் ஏறாது. இந்தப் படி ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே போகும். வட்டிலும் கஞ்சத்தனம் வேண்டாம். நான் 256 ஜிபி வாங்கி மூன்றே மாதத்தில் வருந்தினேன். பில்டின்போது எக்ஸ்கோடு சேர்த்துவைக்கும் டெரைவ்டு டேட்டாவும், போனைப் போல நடிக்கும் சிமுலேட்டர்களும் இடத்தைச் சத்தமில்லாமல் தின்றுவிடும்.

எங்கள் அலுவலகம் கோவையில். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இங்கு எல்லோருக்கும் பழக்கம். யுபிஎஸ் அரை மணி நேரம் தாங்கும். அப்படி ஒரு நாளில், அதன்பின் மேக் அணைந்தது. மின்சாரம் வந்ததும் தானே எழும்படிதான் அமைத்திருந்தேன், எழுந்தும் விட்டது. ஆனால் வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் ஃபைல்வால்ட் போட்டிருந்ததால் கடவுச்சொல் கேட்டுக்கொண்டு நின்றது. கிட்ஹப்பிலிருந்து வேலையை வாங்கி ஓட்டும் ரன்னர் என்ற நிரல் மேக்கில் லாஞ்ச் ஏஜென்ட்டாக நிறுவப்படுகிறது; பயனர் உள்ளே நுழைந்தால்தான் அது தொடங்கும். அன்று மாலை வாடிக்கையாளருக்கு டெஸ்ட்ஃப்ளைட்டில் (வெளியீட்டுக்கு முன் சோதித்துப் பார்க்க ஆப்பிள் தரும் வழி) பில்ட் தருவதாகச் சொல்லியிருந்தோம். வீட்டுக்கு வந்துவிட்ட நான் மழையில் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய், பூட்டைத் திறந்து, பன்னிரண்டு எழுத்துக் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டு வந்தேன்.

ஃபைல்வால்ட் இருக்கும்வரை தானியங்கி நுழைவு கிடையாது. ஆகவே இரண்டில் ஒன்றை விட்டாக வேண்டும். நாங்கள் ஃபைல்வால்ட்டை எடுத்துவிட்டு, இயந்திரத்தைப் பூட்டிய அலமாரிக்குள் வைத்தோம். பின்பக்கத்தில் காற்று போக ஓட்டை போட்டது தச்சரின் யோசனை. அந்தப் பயனர் கணக்கில் மின்னஞ்சல் கிடையாது, யாருடைய சொந்தக் கோப்பும் கிடையாது. பாதுகாப்பில் இது ஒரு படி இறக்கம்தான். தெரிந்தே இறங்கினோம்.

அடுத்தது கையொப்பம்: செயலி நம்முடையதுதான் என்று சர்ட்டிபிகேட் கொண்டு இடும் டிஜிட்டல் முத்திரை. பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள் என்பது என் ஊகம். உட்கார்ந்து கையால் கட்டினால் பில்ட் வரும். அதையே தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் இணைப்பு வழியாக ஓட்டினால் கடைசி நொடியில் ‘எர்செக்இன்டர்னல்காம்பொனென்ட்’ என்று ஒரே மூச்சில் சொல்ல முடியாத பிழை வந்து நிற்கும். பெரும்பாலும் பொருள் இதுதான்: மேக் சாவிகளை வைத்துக்கொள்ளும் பெட்டகமான கீசெயின் பூட்டியிருக்கிறது, அல்லது அதிலுள்ள சாவியைத் தொடக் கையொப்பமிடும் கருவியான கோட்சைனுக்கு அனுமதி இல்லை. ‘அனுமதிக்கவா?’ என்று கேட்கும் பெட்டியைச் சொடுக்க அங்கே ஆள் ஏது? பில்டுக்கென்று தனிக் கீசெயின் ஒன்றை உருவாக்கி, ஸ்கிரிப்டின் முதல் வேலையாக அதைத் திறந்து, சாவியை எந்தக் கருவிகள் தொடலாம் என்று சொல்லும் பார்ட்டிஷன் லிஸ்டில் ஆப்பிள் கருவிகளுக்கு அனுமதி கொடுங்கள். சர்ட்டிபிகேட்டுகளைப் பென்டிரைவில் சுமக்க வேண்டாம். ஃபாஸ்ட்லேன் என்ற வெளியீட்டுக் கருவியின் மேட்ச் அவற்றைக் குறியாக்கம் செய்து ஒரு கிட் களஞ்சியத்தில் (நிரல் சேமிப்பகம்) வைத்துக்கொள்ளும். டெஸ்ட்ஃப்ளைட்டுக்கு அனுப்ப ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லையும் பயன்படுத்தாதீர்கள். ஆறு இலக்க எண் கேட்டு நிற்கும். ஆப் ஸ்டோர் கனெக்ட் என்ற ஆப்பிள் தளத்தில் ஏபிஐ சாவி (கடவுச்சொல்லுக்குப் பதிலாக நிரல் காட்டும் சாவிக் கோப்பு) வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பை ஒருமுறைதான் பதிவிறக்க முடியும். எங்கள் குழுவில் ஒருவர் பார்த்துவிட்டு மூடிவிட்டார், பிறகு புதிதாக இன்னொன்று எடுத்தோம். அந்த ஒருவர் நான்தான்.

ஆண்ட்ராய்டுக்கு இவ்வளவு பாடு இல்லை. லினக்ஸ் போட்ட பழைய டெஸ்க்டாப்பே போதும். சொந்த இயந்திரத்தின் சுகமும் இதில்தான் தெரியும்: வாடகை இயந்திரம் ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு வரும், இங்கே ஆண்ட்ராய்டு பில்ட் கருவியான கிரேடில் முன்பு இறக்கியதெல்லாம் வட்டிலேயே கிடக்கும். ஆனால் அதே மிச்சம்தான் காலையும் வாரும். செயலி பயன்படுத்தும் நிரல் நூலகம் ஒன்றைப் பட்டியலிலிருந்து எடுத்த பிறகும் ஐபோன் பில்ட் இரண்டு வாரம் தேறிக்கொண்டே இருந்தது. பழைய நகல் வட்டில் கிடந்ததுதான் காரணம். அன்றிலிருந்து தினமும் அதிகாலை இரண்டு மணிக்கு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஒரு பில்ட் ஓடுகிறது. சுத்தமான மெய்நிகர் மேக்கில் ஓட்டுவதும் ஒரு வழி. ஒரு மேக்கில் அப்படி இரண்டு வரைதான் ஆப்பிள் உரிமம் அனுமதிக்கிறது என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

பொதுவில் திறந்திருக்கும் களஞ்சியத்துக்கு இந்த ரன்னரை இணைக்கவே கூடாது. முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பும் புல் ரிக்வெஸ்ட் (நிரல் மாற்றக் கோரிக்கை), உங்கள் அலுவலக வலைக்குள் இருக்கும் கணினியில் தன் நிரலை ஓட்டிப் பார்க்க வழி கொடுத்ததாகிவிடும்.

சோதனைக்கு நிஜ போன்களை மாட்டப் போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்ல வேண்டும். எட்டு மாதம் இரவும் பகலும் சார்ஜரிலேயே கிடந்த எங்கள் ஆண்ட்ராய்டு போனின் பேட்டரி உப்பி, பின்மூடி ஒரு பக்கம் வாய் பிளந்துவிட்டது. தொட்டால் சுட்டது. இப்போது இருக்கும் போன் ஆண்ட்ராய்டு 11-இல் வந்த வயர்லெஸ் டீபக்கிங் வழியாக வைஃபையிலேயே பேசுகிறது. அதன் சார்ஜர், மீன் தொட்டி விளக்குக்கு வாங்குவார்களே, அந்த டைமர் பிளக்கில் மாட்டியிருக்கிறது. நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் மின்சாரம் போகும்.