ஆர்த்தோ தியேட்டரில் கை நடுங்குகிறதா?

கேள்வி: பி.எஸ்சி. ஆபரேஷன் தியேட்டர் டெக்னாலஜி முடித்துவிட்டு, மூன்று மாதமாக ஒரு தனியார் மருத்துவமனையின் ஆர்த்தோ (எலும்பு ஆபரேஷன்) தியேட்டரில் வேலை செய்கிறேன். ஜெனரல் சர்ஜரியில் இருந்தபோது இவ்வளவு பயம் இல்லை. போன வாரம் சர்ஜன் எலும்பில் துளை போட 2.5 மி.மீ. டிரில் பிட் கேட்டார். நான் 3.2 மாட்டிக் கொடுத்துவிட்டேன். எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். அன்றிலிருந்து ஸ்க்ரப் ஆனாலே (கை கழுவி, கவுன், கிளவுஸ் போட்டு நின்றாலே) கை நடுங்குகிறது. இந்த வேலை எனக்குச் சரிப்படுமா சார்? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: சரிப்படும் தம்பி. மூன்று மாதத்தில் ஆர்த்தோ தியேட்டர் யாருக்கும் பிடிபடாது. எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

வயிற்று ஆபரேஷன் என்றால் ஒரு மேஜர் செட்டை (பொதுவான கருவித் தொகுப்பை) வைத்துக்கொண்டு பல கேஸ்களைப் பார்த்துவிடலாம். இங்கே ஒரு முழங்கால் மாற்றுக்கே டிரே மேல் டிரேயாக வரும். அதுவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அத்தனை பெயரையும் உட்கார்ந்து மனப்பாடம் செய்ய நினைத்தால் தலைதான் சுற்றும். ஆபரேஷன் எந்த வரிசையில் போகிறது என்பதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். பெயர்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

பிளேட் போடும் கேஸையே எடுத்துக்கொள்வோம். துளை போடுவார், ஆழம் அளப்பார், தேவைப்பட்டால் டேப் போடுவார் (துளைக்குள் மரை வெட்டுவார்), ஸ்க்ரூ முடுக்குவார். ஒவ்வொரு துளைக்கும் இதே சுற்றுதான். டிரில் அவர் கையிலிருந்து திரும்பி வரும்போதே ஆழம் அளக்கும் டெப்த் கேஜ் உங்கள் கையில் தயாராக இருந்தால், அவர் கேட்கவே வேண்டியதில்லை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்தவன் கை நடுங்குவதில்லை.

இப்போது உங்கள் 2.5 விஷயம். அவர் ஏன் அவ்வளவு பதறினார் என்று புரிந்தால் இனி அது மறக்காது. 3.5 மி.மீ. கார்ட்டிகல் ஸ்க்ரூவின் (எலும்பின் கெட்டியான வெளி ஓட்டில் முடுக்குவது) நடுத்தண்டு சுமார் 2.4 மி.மீ.தான். 2.5-ல் துளை போட்டால் மரை எலும்பை நன்றாகக் கடிக்கும். 3.2-ல் போட்டால் கடிக்க ஏறக்குறைய ஒன்றுமே இல்லை, ஸ்க்ரூ சும்மா சுற்றும். 3.2 என்பது 4.5 ஸ்க்ரூவின் ஜோடி. பிளேட்டோடு பூட்டிக்கொள்ளும் லாக்கிங் ஸ்க்ரூவுக்கு அளவு வேறு, அது செட்டுக்குச் செட் மாறும். அதனால் கேஸ் தொடங்கும் முன்பே டிரேயில் பார்த்துவிடுங்கள்.

பிட்டின் தண்டில் அளவு பொறித்திருக்கும். மாட்டும் முன் வெளிச்சத்தில் திருப்பி ஒருமுறை படியுங்கள். எழுத்து தேய்ந்துபோயிருந்தால் 2.5 ஸ்லீவுக்குள் (டிரில்லை வழிநடத்தும் குழாய்) விட்டுப் பாருங்கள். 3.2 உள்ளே போகாது. இரண்டு நொடி வேலை.

ஸ்க்ரூவின் நீளத்துக்கும் இதே பழக்கம் வேண்டும். சர்ஜன் "முப்பத்திநாலு" என்றால் நீங்களும் சத்தமாக "முப்பத்திநாலு" என்று திருப்பிச் சொல்லுங்கள். ரேக்கில் 34 என்று போட்ட குழியிலிருந்து எடுத்தாலும் அளவுகோலில் வைத்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். கழுவி அடுக்கியவர் 36-ஐ அதில் போட்டிருக்கலாம்.

அப்புறம், முந்தின நாள் மாலை. கேஸ் லிஸ்டைப் பார்த்ததும் எக்ஸ்ரேயையும் பாருங்கள். எந்த எலும்பு, எந்தப் பக்கம், என்ன இம்ப்ளான்ட் (உடலுக்குள் பொருத்தும் பிளேட், ஸ்க்ரூ, செயற்கை மூட்டு), டிரில் பேட்டரி சார்ஜ் ஆகியிருக்கிறதா? நான் சேர்ந்த புதிதில், இடது கணுக்காலுக்கு மேலே உடைந்த ஒருவருக்கு வலது கால் பிளேட்டை மட்டும் ஸ்டெரைல் செய்ய அனுப்பியிருந்தேன். காலைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. இடது பிளேட் வந்து சேரும்வரை தியேட்டரே கைகட்டி நின்றது, ரத்த ஓட்டத்தை நிறுத்தக் காலில் கட்டிய டூர்னிகேயின் நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. தப்பு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து இடதா வலதா என்று பார்க்காமல் நான் வீட்டுக்குக் கிளம்பியதில்லை.

செட்டைக் கற்க நல்ல இடம், கருவிகளைக் கழுவி ஸ்டெரைல் செய்யும் சி.எஸ்.எஸ்.டி. பிரிவுதான். கேஸ் இல்லாத நேரத்தில் அங்கே போய் நீங்களே கழுவி அடுக்குங்கள். போன் லீவரும் (எலும்பை நெம்புவது) நிப்ளரும் (கடித்து வெட்டுவது) ஆஸ்டியோடோமும் (எலும்பு உளி) கையில் பழகிவிட்டால், தியேட்டரில் கண் தேடும் முன் கை போய்விடும். இம்ப்ளான்ட் கம்பெனி ரெப் வந்தால் டிரேயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகவே சொல்லிக்கொடுப்பார்கள். சர்ஜனுக்கு ஒரு பக்கம் என்று ஒரு சின்ன நோட்டும் போடுங்கள்: கிளவுஸ் சைஸ், சதையை விலக்கிப் பிடிக்க எந்த ரிட்ராக்டர் பிடிக்கும், எதை முதலில் கேட்பார்.

செயற்கை மூட்டை எலும்போடு பொருத்தும் போன் சிமெண்ட் கேஸில் சர்ஜன் சொல்லும் முன் கலக்கவே கலக்காதீர்கள். தியேட்டர் சூடாக இருந்தால் அது சீக்கிரம் இறுகிவிடும். கலந்த நேரத்தைக் குறிக்கச் சொல்லி, நிமிடத்தைச் சத்தமாகச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். சி-ஆர்ம் (ஆபரேஷன் நடுவே எக்ஸ்ரே காட்டும் கருவி) வரும் கேஸ் என்றால் ஸ்க்ரப் ஆகும் முன்பே லெட் (ஈய) ஏப்ரனும் கழுத்துக்குத் தைராய்டு ஷீல்டும் போட்டுவிடுங்கள். படம் எடுக்கும்போது முடிந்தால் ஒரு அடி பின்னால் நகருங்கள். தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு நாலில் ஒன்றாகிவிடும்.

பயத்தோடு இருக்கும் பிள்ளைகள் செய்யக்கூடாத ஒன்று உண்டு. கிளவுஸ் எங்காவது பட்டுவிட்டால், கே-வயர் (எலும்பில் ஏற்றும் கூர்மையான கம்பி) முனை குத்தி ஓட்டை விழுந்துவிட்டால், திட்டு விழுமே என்று மறைப்பது. உலோகத்தின் மேல் கிருமி ஒட்டிக்கொண்டால் மருந்துக்கு எளிதில் அடங்காது. பல நேரம் இம்ப்ளான்டையே கழற்ற வேண்டியிருக்கும். "சார், கை பட்டுவிட்டது, மாற்றிக்கொள்கிறேன்" என்று உடனே சொல்லுங்கள். அப்படிச் சொல்லும் டெக்னீஷியனைத்தான் நான் பார்த்த நல்ல சர்ஜன்கள் எல்லாரும் மறுபடி மறுபடி தன் கேஸுக்குக் கேட்டு வாங்கினார்கள்.

சத்தம் போட்ட அந்த சர்ஜனைத் தவிர்க்காதீர்கள். அவருடைய அடுத்த கேஸ் தொடங்கும் முன், கை கழுவும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள்: "சார், இன்றைக்கு 3.5 செட்தானே? 2.5 பிட்டை மாட்டி வைக்கிறேன்."