அயர்லாந்தின் அன்றாடப் பேச்சும் மென்வசவுகளும்: டப்ளினுக்கு வருபவர் எதை அறிந்திருக்க வேண்டும்?

வேலைக்காக டப்ளின் செல்லவிருப்பதாகவும், அங்கே சாதாரணப் பேச்சிலேயே வசவுகள் வருமாமே, அவற்றை எப்படி எடுத்துக்கொள்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அயர்லாந்தின் கார்க் நகரில் நான்கு ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: வசவுகளைவிட, வசவே இல்லாத எளிய வாக்கியங்கள்தாம் என்னை அதிகம் தடுமாற வைத்தன.

பணியில் சேர்ந்த முதல் வாரம், உடன் பணிபுரிந்த பெண்மணி ஒருவர் "ஐயாம் ஆஃப்டர் மேக்கிங் டீ" என்றார். இனிமேல்தான் தேநீர் போடப் போகிறார் என்று நினைத்து நான் காத்திருந்தேன். அவரோ போட்டு முடித்துவிட்டதைத்தான் சொல்லியிருக்கிறார். அயர்லாந்தின் பூர்வ மொழியான ஐரிஷில், சற்றுமுன் முடிந்த செயலை 'அதைச் செய்த பிறகு இருக்கிறேன்' என்ற அமைப்பில்தான் சொல்வார்கள். மக்களில் பெரும்பாலோர் 19ஆம் நூற்றாண்டில் ஐரிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறியபோது, சொற்கள் மாறினவே தவிர, வாக்கியத்தின் எலும்புக்கூடு பல இடங்களில் அப்படியே தங்கிவிட்டது. 'கிவிங் அவுட்' என்றால் எதையோ வழங்குவது என்று எண்ணிவிடாதீர்கள். திட்டுவது என்று பொருள், அதுவும் ஐரிஷ் தொடரின் நேர் பெயர்ப்பே. ஆம், இல்லை என்பவற்றுக்கு ஐரிஷில் தனிச் சொற்கள் இல்லாததால், ஆங்கிலத்திலும் பலர் கேள்வியின் வினையையே திருப்பிச் சொல்வார்கள். 'வந்தாயா' என்றால் 'வந்தேன்' என்று பதில் சொல்லிப் பழகிய நமக்கு இது எளிதில் பிடிபடும். ஆகவே, இதைப் பிழையான ஆங்கிலம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஏற்காதீர்கள்.

இனி வசவுகள். 'ஃபெக்' என்பது ஆங்கிலத்தின் கடுமையான அந்த வசவுக்குப் பதிலாக வருவது, ஆனால் அதன் ஆபாசம் இதில் இல்லை. பழைய வழக்கில் இதற்குத் திருடுவது என்ற பொருளும் உண்டு. 'ஈஜிட்' என்பது 'இடியட்' என்பதன் ஐரிஷ் உச்சரிப்புதான் என்றாலும், பெரும்பாலும் அதில் கடுமையைவிட உரிமையே மிகுதி. மழையில் நனைந்து வந்த என்னை வீட்டுக்கார அம்மாள் அப்படி அழைத்துக்கொண்டேதான், 'ஹாட் பிரெஸ்' என்று அவர்கள் சொல்லும், வெந்நீர்த் தொட்டியின் சூட்டில் துணிகளை உலர்த்தும் அலமாரியிலிருந்து துண்டை எடுத்துக் கொடுத்தார். 'ஜேசஸ்' என்று இயேசுவின் பெயரை வியப்பாகச் சொல்வதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் பக்தியுள்ள முதியவர்களுக்கு அது வருத்தம் தரக்கூடும். 'காப்ஷைட்' உண்மையிலேயே இழிவுபடுத்தும் சொல், அதை நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம். மற்றவற்றையும், நட்பு முதிரும்வரை கேட்டுப் புரிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் எண்ணம்.

'கிராண்ட்' என்றால் பிரமாதம் அன்று, பரவாயில்லை, சரி என்பதுதான். 'வாட்ஸ் த கிராக்' என்பது 'என்ன சேதி' என்ற நலவிசாரிப்பு. அதே ஒலியுள்ள 'கிராக்' என்ற போதைப்பொருளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள்: ஏதாவது செய்யச் சொன்னதற்கு ஒருவர் சற்று இழுத்து "ஐ வில், யா" என்றால், நம் ஊரில் 'செய்துவிட்டாலும்' என்பது போல, செய்ய மாட்டேன் என்றே பொருள். இது தெரியாமல், அவ்வாறு சொன்ன ஒருவரின் கோப்புக்காக நான் இரண்டு நாட்கள் காத்திருந்தேன்.