கேள்வி–பதில்: இரத்தப் புரதங்கள் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்குமா?

கேள்வி: இரத்தத்திலுள்ள புரதங்களை ஆராய்ந்து புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துவிடலாம் என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்திகளில் படித்துவருகிறேன். அப்படியொரு பரிசோதனை ஏன் இன்னும் பரவலாகவில்லை?
– ஒரு வாசகர்

பதில்: நீங்கள் முதலில் படித்த செய்தி அநேகமாக 2002 பிப்ரவரியில் ‘லான்செட்’ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வைப் பற்றியதாக இருக்கலாம். சினைப்பைப் புற்றுநோய் உள்ள 50 பெண்கள், அது இல்லாத 66 பெண்கள் ஆகியோரின் இரத்தத்தை நிறை நிறமாலைமானி என்னும், மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவியில் செலுத்தி, கிடைத்த புரதக் கோலத்தைக் கணினியிடம் கொடுத்தபோது, அது நோயாளிகள் 50 பேரையும் அடையாளம் கண்டது. நோயில்லாத 66 பேரில் மூவரை மட்டுமே தவறாக நோயாளிகள் என்றது.

நோயாளிகள் ஒருவரையும் தவறவிடாமல், நோயில்லாதவர்களிலும் ஏறத்தாழ 95 சதவீதத்தினரைச் சரியாகச் சொன்னது என்றால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் மாதவிடாய் நின்ற பெண்களில் சுமார் 2,500 பேருக்கு ஒருவரிடமே இந்நோய் இருக்கிறது. 2,500 பேரையும் பரிசோதித்தால் அந்த ஒருவரோடு சேர்ந்து, நோயே இல்லாத சுமார் 125 பேருக்கும் ‘இருக்கிறது’ என்று முடிவு வரும். சினைப்பைப் புற்றுநோயை உறுதிசெய்யப் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் தேவைப்படுகிறது என்பதால், இது வெறும் மனக்கலக்கத்தோடு முடிகிற பிழையன்று.

அடுத்த அடி புள்ளியியலாளர்களிடமிருந்து விழுந்தது. டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த கீத் பேகர்லியும் அவருடைய சகாக்களும் வெளியிடப்பட்ட தரவுகளை மறுபடி அலசி, ஒரு தொகுப்பில் நோயைக் காட்டிய கோலம் இன்னொரு தொகுப்பில் செல்லுபடியாகவில்லை என்றும், வேறுபாடுகள் சில கருவியின் ‘இரைச்சல்’ பகுதியிலேயே, அதாவது புரதங்களைப் பற்றி எதுவும் சொல்லாத வெற்றுச் சமிக்ஞைகளிலேயே, தென்படுகின்றன என்றும் 2004இல் காட்டினார்கள். அந்தப் பரிசோதனை சந்தைக்கு வரவேயில்லை. (எடுத்த இரத்தம் குழாயில் எத்தனை மணி நேரம் கிடந்தது என்பதுகூடப் புரத அளவுகளை மாற்றும், ஆய்வகத்தில் எளிதில் நழுவிப்போகிற விஷயம் இது.)

கருவியின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா ஒரு லிட்டரில் அல்புமின் என்ற புரதம் மட்டுமே ஏறக்குறைய 40 கிராம் இருக்கிறது. இன்டர்லூகின்-6 போன்ற சமிக்ஞைப் புரதங்களோ அதைவிட ஏறத்தாழ ஆயிரம் கோடி மடங்கு குறைவாக இருக்கின்றன. புரதங்களை டிரிப்சின் நொதியால் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் நிறையையும் அளந்து, அது எந்தப் புரதத்துக்கு உரியது என்று கண்டறிவதே இன்றைய வழக்கம். அல்புமின் துண்டுகளின் பெருவெள்ளத்தில் அரிய துண்டுகள் மூழ்கிவிடுகின்றன.

ஆயினும் இத்துறையில் வெற்றிகளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மாரடைப்பைக் காட்டும் இதயத் ட்ரோபோனின் புரதந்தான். இதயத் தசைக்கே உரியது, பெரும்பாலும் நெஞ்சுவலியோடு வந்தவரிடம் அளக்கப்படுவது. 2009இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்த ஓவா-1 பரிசோதனையும் ஐந்து புரதங்களை அளக்கிறது. ஆனால் சினைப்பையில் கட்டி இருப்பது தெரிந்து அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்கு மட்டும். யாரிடம் அளக்கிறோம் என்பதில்தான் ஒரு புரதத்தின் பயன் பெரிதும் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

கேள்வி: எனக்கு வயது 36. உடல்நலப் பரிசோதனைத் தொகுப்பில் சேர்த்திருந்த சிஏ 125 அளவு 48 என்று வந்திருக்கிறது. எந்தத் தொந்தரவும் இல்லை. அஞ்ச வேண்டுமா?
– ஒரு வாசகி

பதில்: சிஏ 125 என்பது சினைப்பைப் புற்றுநோயில் இரத்தத்தில் உயரக்கூடிய ஒரு புரதம். அதன் அளவு 35 அலகு வரை இயல்பு என்று கொள்வது வழக்கம். மாதவிடாய் நாட்கள், கர்ப்பத்தின் தொடக்கம், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளர்வது), கருப்பை நார்த்திசுக் கட்டி, கல்லீரல் நோய், வயிற்றுக் காசநோய் ஆகிய எதுவும் இந்த அளவை உயர்த்தக்கூடும். உங்கள் வயதில் புற்றுநோயைக் காட்டிலும் இவற்றுக்கே வாய்ப்பு அதிகம். அறிகுறியற்றவர்களுக்கு இதை வாடிக்கையாகச் செய்வதை நான் ஏற்பதில்லை: பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, சிஏ 125ஐ ஆண்டுதோறும் கண்காணித்தும் சினைப்பைப் புற்றுநோயால் நேரும் இறப்புகள் குறையவில்லை என்று 2021இல் தெரிவித்தது. மகளிர் நல மருத்துவர் ஒருவரிடம் அறிக்கையைக் காட்டுங்கள். அவர் ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். சில வாரங்கள் கழித்து, மாதவிடாய் இல்லாத நாளில் இரத்தத்தை மறுபடி பார்க்கவும் சொல்லலாம். முந்தைய பரிசோதனை நடந்தது மாதவிடாயின் எத்தனையாவது நாள் என்பதை மறவாமல் அவரிடம் கூறுங்கள்.